ஞாயிற்றுக்கிழமை விருந்தினர்

வார விடுமுறை வந்ததும் ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் உல்லாசப் பயணிகள் பலர் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல்லுக்குப் புறப்படுகின்றனர். அவ்வட்டாரத்துக் காடுகளில் ஒரு பகுதி 2014-ஆம் ஆண்டு முதல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்ததாகும். ஆயினும் சிலர் சாலையோரத்திலேயே உண்டு, எஞ்சியதை வீசிச் செல்கின்றனர். உடைந்த பாட்டில்கள் ஆடுமாடுகளின் காலைக் கிழிக்கின்றன. கேழ்வரகு முற்றும் பருவத்தில் சாலையைக் கடக்கும் யானைகளைக் கண்டு கூச்சலிடுவோரும் உளர். மிரண்ட யானை திரும்புவது நம் வயலுக்குள்தானே!

காடு தொடங்குமுன் உள்ள ஊர்ப் பஞ்சாயத்துகள் வண்டி நிறுத்துமிடமும் கழிப்பிடமும் குப்பைத் தொட்டியும் அமைக்கலாம். மகளிர் குழுவினர் அங்கே களியும் கீரைக்குழம்பும் விற்கலாம். ஊரில் வயிறார உண்டவர் காட்டில் வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. காசும் ஊரிலேயே தங்கும். நிறுத்தக் கட்டணத்தையும் துப்புரவுக் கூலியையும் அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபையிலேயே தீர்மானித்துவிட்டால், கேழ்வரகு அறுவடைக்குமுன் ஏற்பாடுகள் முடிந்துவிடும்.