பொன்னுக்கு வீங்கியும் விரை அழற்சியும்

மதுரையிலும் சுற்றுப்புற ஊர்களிலும், காதுக்குக் கீழே கன்னம் புடைத்து வீங்கும் நோயைப் பொன்னுக்கு வீங்கி என்று அழைத்து, நோயுற்றவரின் கழுத்தில் தங்கச் சங்கிலி அணிவித்து, வீக்கத்தின்மேல் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போடும் வழக்கம் உண்டு. வைரஸால் வரும் அந்த வீக்கம் பத்து நாட்களுக்குள் தானே வடிந்துவிடுவதால், நோய் அத்துடன் தீர்ந்தது என்றே வீட்டார் எண்ணுகின்றனர். ஆனால் தடுப்பூசி பெறாமல் இந்நோய்க்கு ஆளாகும் பருவமெய்திய ஆண்களில் 100-க்கு ஏறத்தாழ 15 முதல் 30 பேருக்கு, பெரும்பாலும் கன்னம் வீங்கிய 4 முதல் 8 நாட்களுக்குப் பின், மீண்டும் காய்ச்சல் ஏறி, விதை என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் விரை வீங்கிக் கடுமையாக வலிக்கிறது. இதுவே விரை அழற்சி.

விரையைப் போர்த்தியிருக்கும் வெண்ணிற உறை எளிதில் விரிந்து கொடுக்காதது; ஆகவே உள்ளே வீக்கம் கூடும்போது திசுக்கள் நசுங்கி, பாதிக்கப்பட்ட விரை பின்னாளில் ஓரளவு சுருங்கிப்போகக்கூடும். பெரும்பாலோருக்கு ஒரு பக்கமே பாதிக்கப்படுவதால் முழு மலட்டுத்தன்மை அரிது.

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெருமளவில் போடப்பட்ட தடுப்பூசி, தட்டம்மையையும் ரூபெல்லாவையும் மட்டுமே தடுப்பது. பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்துத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி அன்று அரசின் இலவச அட்டவணையில் இல்லாததால், காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள இயலாத வீட்டுப் பிள்ளைகள் காப்பின்றி வளர்ந்தனர்.

பாக்டீரியாவால் வரும் அழற்சி, விரைக்குப் பின்புறமுள்ள எபிடிடிமிஸ் என்னும் சுருள்குழாயில் தொடங்கி விரைக்குப் பரவுவதே மிகுதி. இளைஞர்களுக்கு வெட்டை நோய், கிளமிடியா ஆகிய பால்வினைத் தொற்றுகளும், முதியோருக்குப் புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தேங்கி உண்டாகும் தொற்றும், நெடுநாள் பொருத்தப்பட்ட சிறுநீர்க் குழாயும் அதற்கு வழிசெய்கின்றன. கிடை போடும் ஆட்டுக்காரர்களும் காய்ச்சாத பால் அருந்துவோரும் அறிந்திருக்க வேண்டியது புருசெல்லா கிருமி. குட்டி வீசிய ஆட்டின் கழிவுகளை வெறுங்கையால் அள்ளும்போது அது உடலுக்குள் புகுந்து, விரையையும் தாக்கக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது, அழற்சியைப் போலவே தோன்றும் விரை முறுக்கு. விரையைத் தாங்கும் நாண் முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றுவிடுவதால், திடீர் வலியோடும் வாந்தியோடும் தொடங்கும் அதை 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்து விடுவித்தால்தான் விரை பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. வெட்கப்படும் சிறுவர்கள் வயிற்றுவலி என்று மட்டுமே சொல்வதுண்டு. ஆகையால் பற்றுப் போடும் தாயும் தந்தையும், கன்னம் வடிந்த பிறகும் சில நாட்கள், அங்கே வலிக்கிறதா என்று மகனிடம் கூச்சமின்றிக் கேட்பதும், ஆம் என்றால் அந்த நேரமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் பொன்னினும் பெரிய காப்பாகும்.