காற்றைக் கணக்கிடும் கலை

தேக்காவில் மழை கொட்டும்போது ஜூரோங்கில் வெயில் காய்வது சிங்கப்பூரில் அதிசயமன்று. இடிமழை பல வேளைகளில் சில கிலோமீட்டர் பரப்பிலே தோன்றி, விரைவில் ஓய்ந்துவிடுகிறது. ஆயினும் அதன் வேகத்தை எளிதாக எண்ணலாகாது. 2010 ஜூனில் ஓரிரு மணி நேரம் பெய்த மழையே ஆர்ச்சர்ட் சாலையை வெள்ளத்தில் ஆழ்த்தியது. இத்தகைய மழையை முன்னறிய வேண்டுமாயின், காற்றின் ஓட்டத்தைக் கணக்கிட வேண்டும்.

காற்றும் நீரும் பாய்மங்கள் எனப்படும். அவற்றின் இயக்கத்துக்குரிய சமன்பாடுகளை நேவியர், ஸ்டோக்ஸ் ஆகிய அறிஞர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே வகுத்தனர். ஆனால் அவற்றுக்கு நேரான விடை காண்பது மிக அரிது. எனவே வானத்தைப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் அழுத்தம், வெப்பம், ஈரம், காற்றின் வேகம் ஆகியவற்றைக் குறித்து, சிறிது நேரத்துக்குப் பின் அவை எவ்வாறு மாறும் எனப் படிப்படியாகக் கணிக்கின்றனர். ஆங்கிலேய அறிஞர் ரிச்சர்ட்சன் இதனைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்து, 1922-இல் நூலாக வெளியிட்டார். ஆறு மணி நேர மாற்றத்தைக் கணிக்க வாரக்கணக்கில் ஆயிற்று, விடையும் பிழையாயிற்று. குற்றம் முறையில் இல்லை, தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட அளவுகளில் இருந்தது என்பது பின்னர் தெளிவாயிற்று.

பெட்டி சிறிதானால் படம் தெளிவாகும். ஆனால் வேலை பெருகும். பக்கத்தைப் பாதியாக்கினால், நீளம், அகலம், உயரம் மூன்றிலுமாகப் பெட்டிகள் 8 மடங்காகும். கணக்கின் ஒரு படிக்குள் காற்று ஒரு பெட்டியைத் தாண்டிவிடலாகாது. ஆகவே காலப் படியையும் பாதியாக்க வேண்டும். மொத்த வேலை 16 மடங்காகும்.

பருவநிலையைக் கணிக்கும் உலக மாதிரிகளில் பெட்டியின் பக்கம் பெரும்பாலும் 100 கிலோமீட்டர் அளவினது. சிங்கப்பூரோ கிழக்கு மேற்காக ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நாடே ஒரு பெட்டிக்குள் மறைந்துவிடும். ஆதலால், 2013-இல் தொடங்கப்பெற்ற சிங்கப்பூர்ப் பருவநிலை ஆய்வு நிலையம், பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்துடன் சேர்ந்து, 1.5 கிலோமீட்டர்ப் பெட்டிகளைக் கொண்ட 'சிங்-வி' என்னும் மாதிரியை உருவாக்கியது.

அதிலும் லிட்டில் இந்தியா ஓரிரு பெட்டிகளுக்குள் அடங்கிவிடும். சிராங்கூன் சாலையின் சந்து ஒன்றில் காற்று நுழைவதைக் காண 3 மீட்டர்ப் பெட்டி தேவை என்று கொள்வோம். பக்கத்தை ஒன்பது முறை பாதியாக்க வேண்டும். தீவு முழுவதற்கும் இவ்வாறு செய்தால் வேலை 6,800 கோடி மடங்குக்கு மேல் பெருகும்! அதனால்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புதிய குடியிருப்புகளுக்குக் காற்றோட்டத்தை ஆராய்வோர், அவ்வட்டாரத்தை மட்டும் தனியே எடுத்துக் கணக்கிடுகின்றனர்.

பெட்டியினும் சிறிய சுழல்கள் கணிப்பொறிக்குப் புலப்படுவதில்லை. மதிப்பீட்டு விதிகளே அவற்றை ஈடுசெய்கின்றன. ஆகவே, திரையில் வண்ணமாய் ஓடும் காற்றைக் காண்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதில் ஒரு பெட்டியின் அளவு என்ன?