34 ஆண்டுகளுக்குப் பின் வந்த இசைத்தட்டு

நெடுநாள் கழித்து ஊர் திரும்புகிறவனை எதிர்கொண்டழைக்க எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் அவன் கொண்டு வந்த மூட்டையை அவிழ்த்த பிறகே உண்மை வெளியாகிறது. அமெரிக்காவில் ‘ராக்’ சங்கீதத்தில் பிரசித்தி பெற்ற ‘ஸ்டூஜஸ்’ கோஷ்டியின் கதையும் அத்தகையதே.

மிச்சிகன் மாகாணத்து ஆன் ஆர்பர் நகரில் 1967-ல் தோன்றிய கோஷ்டி இது. பாடகர் இக்கி பாப். கிதார் வாசித்தவர் ரான் ஆஷ்டன். டிரம்ஸ் வாசித்தவர் அவருடைய தம்பி ஸ்காட். 1970-ல் வெளிவந்த ‘ஃபன் ஹவுஸ்’ என்ற இரண்டாவது தட்டில் 7 பாட்டுக்களே உண்டு. எல்லோரும் ஒருங்கே நின்று வாசித்ததை அப்படியே பதிவு செய்தார்கள். அன்று அதை வாங்கியவர் சொற்பம். பின்னால் வந்த ‘பங்க்’ இசைக்காரர்களுக்கோ அதுவே பாலபாடமாயிற்று.

1973-ல் ‘ரா பவர்’ வந்தது. அதில் கிதார் ஜேம்ஸ் வில்லியம்ஸன் கைக்குப் போயிற்று. ரான், பாஸ் கிதாருக்கு ஒதுங்க நேர்ந்தது. மறு ஆண்டே கோஷ்டி கலைந்தது.

2003-ல் இக்கி பாப்பும் ஆஷ்டன் சகோதரர்களும் மறுபடி ஒன்று கூடினார்கள். 1975-ல் காலமான பழைய தோழர் டேவ் அலெக்ஸாண்டரின் இடத்தில் மைக் வாட் பாஸ் கிதார் வாசித்தார். மேடையில் பழைய பாட்டுக்களைக் கேட்ட கூட்டம் பரவசமடைந்தது. பிறகு 2007-ல், ஸ்டீவ் அல்பினியின் பதிவில், ‘தி வியர்ட்னெஸ்’ என்ற புதுத் தட்டு வெளியாயிற்று. ரஸிகர்களின் முகம் வாடிற்று. விமரிசகர் பலர் கடுமையாகவே எழுதினர்.

குறை எங்கே? வயோதிகத்தில் அல்ல. அறுபதை நெருங்கிய இக்கி பாப்பின் வேகமும் குறையவில்லை. சகோதரர்களின் கையும் தளரவில்லை. ஆனால், பழைய தட்டில் ஒரே ஸ்வரக் கோவை திரும்பத் திரும்ப வந்து, கேட்பவரைச் சிறிது சிறிதாக ஓர் ஆவேசத்துக்கு இட்டுச் செல்லும். புதியதில் 12 பாட்டுக்கள். பெரும்பாலானவை அவசரமாக வந்து, சுவடில்லாமல் போய்விடுகின்றன. முன்பு அலட்சியமாக விழுந்த சொற்கள் இப்போது வலிந்து புனைந்தவையாகத் தோன்றுகின்றன. சத்தம் இருக்கிறது, அதில் பழைய அபாயம் இல்லை.

ஆயினும், இதை வீண் முயற்சியென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. 2009 ஜனவரியில் ரான் ஆஷ்டன் காலமானார். 2013-ல் கோஷ்டி வெளியிட்ட அடுத்த தட்டில் கிதார் வாசித்தவர் மீண்டும் வில்லியம்ஸனே. ஆகவே, கைவிட்டுப் போன கிதாரைத் திரும்பப் பெற்று ரான் புதுப் பாட்டுக்கள் வாசித்த கோஷ்டித் தட்டு ‘தி வியர்ட்னெஸ்’ ஒன்றுதான்.

பரீட்சைத் தாளாகத் திருத்தினால் இதற்கு மார்க்கு குறைவாகவே கிடைக்கும். ஆனால் முதலில் ‘ஃபன் ஹவுஸ்’ தட்டைக் கேட்டுவிட்டு, பிறகு இதில் பாட்டை விட்டுக் கிதாரை மட்டும் செவி கொடுத்துக் கேளுங்கள். அந்தக் கை அதே கைதான்.