பத்தாவது அட்சரேகையில் ஒரு புதிர்

போடிநாயக்கனூருக்குச் சற்றுத் தெற்கே, தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் குடியிருப்புகளும் மாறி மாறி வருகிற நிலத்தின்மேல், எவர் கண்ணுக்கும் புலப்படாத ஒரு கோடு கிழக்கு மேற்காகச் செல்கிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே சரியாக 10 டிகிரியில் அமைந்த அட்சரேகை அது. கையிலுள்ள தொலைபேசியில் ஸ்தானம் காட்டும் செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு ஊரிலிருந்து தெற்கு நோக்கி நடப்பவர், நிமிஷங்களும் அவற்றின் பின்னங்களும் அடிக்கு அடி குறைந்துகொண்டே வந்து, ஒரு வரப்பின்மேலோ ஒரு வேலியின் ஓரத்திலோ எல்லாம் பூஜ்யமாகி நிற்பதைத் தாமே காணலாம். இதே கோட்டை, கிழக்கே சோழவந்தானுக்கும் மதுரைக்கும் நடுவே 78-ஆவது தீர்க்கரேகையும், மேற்கே இடுக்கி மலைகளில் அடிமாலியை எட்டுவதற்கு முன்பாக 77-ஆவது தீர்க்கரேகையும் குறுக்கிடுகின்றன. முழு எண்கள் இரண்டு சந்திக்கிற இத்தகைய புள்ளிகளை உலகெங்கும் தேடிச் சென்று படமெடுத்து வைக்கும் முயற்சியொன்றை 1996-இல் அலெக்ஸ் ஜாரெட் என்ற அமெரிக்கர் தொடங்கினார். அங்கே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் விசேஷமாக ஒன்றும் இராது. ஒரு வயல், ஒரு புதர், ஒரு பாறை. ஆனால் அந்தப் புதருக்குள் ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஒளித்துவைத்து, அது இருக்கும் ஸ்தானத்தை மட்டும் எண்களில் அறிவித்துவிட்டால், அங்கே செல்வதற்கு முன்பின் அறியாத நூறு பேருக்கு ஒரு காரணம் உண்டாகிவிடுகிறது. ஜியோகேச்சிங் என்று உலகம் முழுவதும் வழங்குகிற விளையாட்டின் சாரம் அதுதான்.

இந்த விளையாட்டு பிறந்த கதை இது. அமெரிக்க அரசாங்கம் தன் ராணுவத்துக்கென்று அமைத்த ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சமிக்ஞையில், சாதாரண ஜனங்களின் கருவிகளுக்கு முழுத் துல்லியம் கிட்டாதபடி வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் நூறு மீட்டர் வரை வித்தியாசம் வருவது அக்காலத்தில் சகஜம். ஜனாதிபதி கிளின்டனின் ஆணைப்படி 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி அந்தப் பிழை விலக்கப்பட்டது. மறுநாளே, ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகருக்கு அருகிலுள்ள பீவர்கிரீக்கில், டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து, புத்தகங்கள், ஒரு கவண், டப்பாவில் அடைத்த அவரை முதலிய சில்லறைச் சாமான்களை அதில் இட்டு, ஸ்தானத்தை அறிவித்தார். மைக் டீக் என்பவர் அதை முதலில் கண்டெடுத்தார். இன்று உலகத்தில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. கண்டெடுத்தவர் உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதவேண்டும். ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடான இன்னொன்றை வைக்கவேண்டும். பெட்டியை இருந்தது இருந்தபடியே திரும்ப வைக்கவேண்டும். செயற்கைக்கோள் புதிதென்றாலும் இந்த ஆசை பழையது. 1854-இலேயே இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டு நிலத்தில் வழிகாட்டியாக இருந்த ஜேம்ஸ் பெரட், வெகுதூரம் நடந்து வருகிறவர்கள் தம் பெயர்ச்சீட்டை இட்டுச் செல்வதற்காகக் கிரான்மியர் குளத்தருகே ஒரு பாட்டிலை வைத்தார்.

ஸ்தானத்தை நேராகச் சொல்லிவிடுகிற பெட்டிகளைவிட, அதைப் புதிருக்குள் மறைத்துவைக்கிற பெட்டிகளிலேதான் இந்த விளையாட்டின் மேதைமை வெளிப்படுகிறது என்பது என் அபிப்பிராயம். வரைபடத்தில் இவற்றுக்கு நீல நிறக் கேள்விக்குறி அடையாளம். அந்தக் குறி நிற்கும் இடத்தில் பெட்டி இராது. புதிரை விடுவித்தவருக்கே உண்மையான எண்கள் கிடைக்கும். போடி அமைந்திருக்கும் அட்சரேகையில் ஒரு நிமிஷத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு நிலத்தின்மேல் ஏறக்குறைய ஆறடி. ஆகவே டிகிரியையும் நிமிஷத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, இரு பக்கமும் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் மறைத்தாலே, தேடுகிறவர் பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் உள்ள சதுர நிலப்பரப்பில் அலைய நேரும்.

நம்மூர்க்காரர் ஒருவர் இதை எப்படிச் செய்யலாம் என்பதற்கு ஓர் உதாரணம் அமைத்துப் பார்க்கலாம். புதிர் ஒரு கச்சேரி அழைப்பிதழாக இருக்கிறது. அதில் மூன்று உருப்படிகள், மூன்று ராகங்கள்: தீரசங்கராபரணம், மாயாமாளவகௌளை, மேசகல்யாணி. சங்கீதம் அறியாதவருக்கு இது வெறும் அழைப்பிதழ். 72 மேளகர்த்தா ராகங்களின் பெயர்களில் கடபயாதி என்னும் பழைய முறையால் அவற்றின் வரிசை எண்கள் பொதிந்திருக்கின்றன என்பதை அறிந்தவருக்கோ, முதல் இரண்டு எழுத்துகள் உடனே எண்களாகிவிடும். மேசகல்யாணியில் ம ஐந்து, ச ஆறு. திருப்பிப் படித்தால் 65. மாயாமாளவகௌளையில் ம ஐந்து, ய ஒன்று, திருப்பினால் 15. தீரசங்கராபரணத்தின் முதலெழுத்து வடமொழி வர்க்கத்தின் நான்காவது தகரமாதலால் ஒன்பது, ர இரண்டு, திருப்பினால் 29. மூன்றையும் வரிசையாக எழுதினால் 291565. முதல் மூன்று இலக்கங்கள் அட்சரேகைக்கு, பின் மூன்று தீர்க்கரேகைக்கு. இத்தகைய புதிரை விடுவிக்கிறவர், விடையோடு கூட, கடபயாதி என்ற ஓர் அறிவையும் சம்பாதித்துக்கொண்டு போகிறார். புதிர் போடுகிறவர் தம் சாமர்த்தியத்தைக் காட்டுவதற்காகவே எவராலும் நெருங்க முடியாதபடி முடிச்சுகளை இறுக்கிவைத்தால், அது எனக்கு உவப்பதில்லை. பாட்டி சொல்லும் விடுகதையில் விடை தெரிந்தவுடன், 'இது நமக்குத் தோன்றவில்லையே' என்று குழந்தை சிரிக்கிறதல்லவா, அந்தச் சிரிப்பு வரவேண்டும்.

வீட்டிலேயே காகிதத்தில் விடுவிக்கும் புதிர்களோடு, ஸ்தலத்திற்குப் போன பிறகு கைக்கும் கண்ணுக்கும் வேலை வைக்கிற பெட்டிகளும் உண்டு. இவற்றுள் பலரும் விரும்புகிற ஒன்றைச் சொல்கிறேன். மரத்தோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் குழாய். மேல்வாய் திறந்தது, அடிப்புறம் அடைத்தது, பக்கங்களில் ஆங்காங்கே துளைகள். குறிப்பேடு வைத்த சிறு குப்பி அடியில் கிடக்கிறது. கை நுழையாது, குச்சியால் தூக்கினாலும் வழுக்கிவிடும். குடத்து நீரில் கல்லிட்ட காக்கையைப் போல யோசிக்கிறவர், கைவசமுள்ள தண்ணீரைக் குழாய்க்குள் ஊற்றுகிறார். ஊற்றியதெல்லாம் துளைகள் வழியே ஒழுகிவிடுகிறது. துளைகள் அனைத்தையும் அடைக்க ஒருவருடைய பத்து விரல்கள் போதமாட்டா. அப்போதுதான் மற்றவர்களின் துணை வேண்டும் என்பது புரிகிறது. இருவருமாகத் துளைகளைப் பொத்திக்கொள்ள, மூன்றாமவர் நீரை ஊற்ற, குப்பி மெல்ல மிதந்து மேலே வருகிறது.

துணை வேண்டும் என்ற இந்த உணர்ச்சியிலிருந்தே கூட்டங்கள் பிறந்தன. டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் 2001 மார்ச் 24-ஆம் தேதி சிலர் ஒன்றுகூடியது இவ்வகைச் சந்திப்புகளில் முதலாவது. 500 பேருக்கு மேல் வந்தால் ஒரு பெயர், 5,000 பேருக்கு மேல் வந்தால் வேறொரு பெயர் என்று அது வளர்ந்து, 2014-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பின்சொன்ன பெருங்கூட்டத்தின் முதல் நிகழ்ச்சி நடந்தேறியது. ஆயினும் கூட்டத்தின் ஜீவன் தொகையில் இல்லை. ஒரு மேஜை, வந்தவர்கள் கையெழுத்திட ஒரு பதிவேடு, தாங்களே செய்து கொண்டுவந்த பூட்டுப்பெட்டிகள், காந்தத்தால் திறக்கும் மூடிகள், விளக்கொளியில் மட்டும் தெரியும் எழுத்துகள். மூன்று மாதமாக ஒரு புதிரோடு மல்லுக்கட்டியவர் அதைப் போட்டவரின் அருகே சென்றமர்ந்து, விடையைக் கேளாமல், தாம் யோசித்த வழி சரியா என்று மட்டும் கேட்பார். மற்றவர் தலையை ஆட்டுவார். 2002 முதல், இத்தகைய கூட்டங்களில் சுற்றுப்புறத்துக் குப்பையைப் பொறுக்கி அகற்றுவதையும் ஒரு வழக்கமாக்கியிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் வீசிய பாட்டில்கள் கிடக்கும் நம் மலைச்சாலைகளுக்கு இதைவிட நல்ல விருந்தாளிகள் வாய்ப்பது அரிது.

இத்தகைய கூட்டம் ஒன்றுக்குப் போடியைப் போலப் பொருத்தமான ஊர் தென்தமிழ்நாட்டில் வேறு உண்டா என்பது சந்தேகம். இங்கே நிலமே புதிர்களைச் சுமந்துகொண்டிருக்கிறது. மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள், 1902-இல் போட்ட ஒற்றைத் தண்டவாளத்திலும், 1908 முதல் சிற்றகலப் பாதை ரயிலிலும் மலை உச்சியிலுள்ள டாப் ஸ்டேஷனுக்கு வந்துசேர்ந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பள்ளத்தாக்கில் இறங்கி, பிறகு வண்டியேறிப் போடிக்கு வந்தன. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துச் சென்றுவிட்டது; டாப், சென்ட்ரல், பாட்டம் என்ற ஸ்டேஷன் பெயர்கள் மட்டும் மலைச்சரிவில் நிலைத்துவிட்டன. 'ரயில் வராத ஸ்டேஷன்கள் மூன்று, வருகிற ஸ்டேஷன் ஒன்று' என்று ஒரு விடுகதையைத் தொடங்கினால், நான்காவது போடி நிலையமே. 1928-இல் திறந்த மதுரைப் பாதையில் 2010-ஆம் ஆண்டு இறுதியோடு மீட்டர்கேஜ் வண்டி நின்று, அகலப்பாதை வண்டி 2023 ஜூன் 15-ஆம் தேதிதான் மறுபடி இங்கே வந்தது. வண்டி நின்ற ஆண்டுக்கும் மறுபடி வந்த ஆண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் எண். நிலையப் பெயர்ப்பலகையின் அடியில் எழுதியிருக்கும் கடல்மட்ட உயரம் இன்னோர் எண். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகள் மற்றோர் எண். ஏலக்காய்க் கடையில், சல்லடையின் கண் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டுவரச் சொன்னால், தேடி வந்தவர் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் முறையையும் அதே மூச்சில் கற்றுக்கொள்கிறார். இப்படி ஊரிலுள்ளவர்களை நாலு வார்த்தை கேட்காமல் விடுவிக்க முடியாத புதிரே போடிக்குத் தகுந்த புதிர்.

பெட்டியை மட்டும் காட்டுக்குள் வைக்கக் கூடாது. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலைச்சரிவில் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மார்ச் மாதத்துக் காய்ந்த புல்லில் தீ, மனிதன் ஓடுவதைவிட வேகமாக மேட்டில் ஏறும் என்பதை அந்த மலையடிவாரத்து ஜனங்கள் நன்றாக அறிவார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில், அனுமதியோடும் வழிகாட்டியோடும் செல்லும் பாதைகளுள் குரங்கணி–சாம்பலாறு பாதையும் இடம்பெற்றது. மதிப்பெண்ணுக்கோ முதலில் கண்டெடுத்த பெருமைக்கோ ஆசைப்பட்டு, அனுமதியில்லாத சரிவில் ஓர் இளைஞன் ஏறும்படி செய்கிற பெட்டியை வைப்பவர், விளையாட்டை அறியாதவர் என்றே சொல்வேன். ஊருக்குள்ளும், சாலையோரத்திலும், மனமுவந்து இடங்கொடுக்கிற தோட்டக்காரரின் வேலியோரத்திலும் வைக்க எத்தனையோ இடங்கள் உண்டு.

மண்ணைத் தோண்டக் கூடாது என்பதும், நிலத்துக்கு உரியவரின் சம்மதம் வேண்டும் என்பதும், இரு பெட்டிகளுக்கிடையே 161 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பதும் உலகப் பொதுவான விதிகள். நம் நாட்டில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம்: கேட்பாரற்ற பெட்டியைக் கண்டு ஜனங்கள் அஞ்சாதபடி, உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி போன்ற டப்பாவாகவும், மூடியின்மேல் இன்னதென்று தமிழில் எழுதியதாகவும் அது இருக்கட்டும், காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும் நல்லது. தின்பண்டமோ வாசனைப் பொருளோ உள்ளே வைப்பது ஆகாது. மணம் பிடித்து வரும் குரங்கும் அணிலும் எலியும் டப்பாவைக் கடித்துக் குதறிவிடும். போடிக்காரர்களுக்குக் கைப்பிடி ஏலக்காயை உள்ளே போட்டு வைக்கத்தான் மனம் வரும். அதைக் கூட்டத்துக்கு வந்தவர்களின் கையில் கொடுத்தனுப்பிவிட்டு, டப்பாவில் ஒரு பழைய ரயில் டிக்கெட்டையும் சீவிய பென்சிலையும் வைத்தால் போதும்.