கேம் திணறுது… ப்ராசஸர் மாத்தணுமா?

புது கேம் ரிலீஸ் ஆகப்போகுது. ஸ்டீம்ல போட்டிருக்கிற ரெகமண்டட் லிஸ்ட்ல உங்க ப்ராசஸர் பேர் இல்லை. உடனே மனசு பத்தாயிரம், பதினஞ்சாயிரம்னு கணக்குப் போட ஆரம்பிச்சிடும். கொஞ்சம் பொறுங்க. நம்மில் பலருக்கு அது ஒரு செமஸ்டர் முழுக்க மிச்சம் பிடிச்ச காசு. அதைக் கொட்டின பிறகும் கேம் அதே மாதிரி திணறினா, கடைக்காரர் திருப்பி வாங்கிக்க மாட்டார்.

முதல்ல, தடையா இருக்கிறது ப்ராசஸர்தானான்னு பாக்கணும். நொடிக்கு 60 ஃப்ரேம் வேணும்னா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கிற நேரம் 16.7 மில்லிசெகண்ட். யார் எங்க நிக்கிறாங்க, எது எது மேல மோதுது, எதையெல்லாம் வரையணும்னு முடிவு பண்றது ப்ராசஸர். வரைஞ்சு கொடுக்கிறது கிராபிக்ஸ் கார்டு. ரெண்டுல எது மெதுவோ அதோட வேகம்தான் உங்க எஃப்பிஎஸ்.

2024 மார்ச்ல கேப்காம் வெளியிட்ட டிராகன்ஸ் டாக்மா 2 இதுக்கு நல்ல உதாரணம். காட்டுல ஓடும்போது நல்லா இருந்த எஃப்பிஎஸ், வெர்ன்வொர்த் நகரத்துக்குள்ள நுழைஞ்சதும் பொத்துன்னு விழும். கிராபிக்ஸ் செட்டிங்கைக் குறைச்சுப் பார்த்தாலும் பெரிய மாற்றம் இருக்காது. ஊருக்குள்ள இருக்கிற ஒவ்வொரு கேரக்டருக்கும் ப்ராசஸர் நிறைய கணக்கு போட வேண்டியிருக்குன்னு கேப்காமே அப்போ விளக்கம் கொடுத்தது. இந்த மாதிரி இடத்துல எவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டாலும் பிரயோஜனமில்லை.

உங்க கம்ப்யூட்டர்ல இதைக் கண்டுபிடிக்க பைசா செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு. எஃப்பிஎஸ் விழுற இடத்துல போய் நில்லுங்க. ரெசல்யூஷனை 1080-லேர்ந்து 720-க்கு இறக்குங்க. எஃப்பிஎஸ் நல்லா ஏறினா கிராபிக்ஸ் கார்டுதான் பிரச்சனை, ப்ராசஸரை விட்டுடுங்க. அசையாம அங்கேயே நின்னா தடை ப்ராசஸர் பக்கம் இருக்கு.

டாஸ்க் மேனேஜரை மட்டும் நம்பி ஏமாந்துடாதீங்க. "சிபியு 40 சதவீதம்தானே ஓடுது, அப்புறம் எப்படி?"ன்னு கேட்கத் தோணும். 12 த்ரெட் உள்ள ப்ராசஸர்ல ஒரே ஒரு த்ரெட் முழுசா திணறினா மொத்தக் கணக்குல அது 8 சதவீதம் மாதிரிதான் தெரியும். கேமோட முக்கியமான வேலை அந்த ஒரு த்ரெட்லயே மாட்டிக்கிட்டா மத்த பதினொண்ணும் காத்துக்கிட்டு நிக்கும். கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பேப்பர்ல மார்க்குக்காகப் படிச்ச ஆம்டால் விதி இதேதான். அதனால கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு ஓடுதுன்னு பாருங்க. அது 95-க்கு மேல இல்லாம 60, 70-லயே ஊசலாடினா, எஃப்பிஎஸ் லிமிட்டும் வி-சிங்க்கும் ஆஃப்ல இருந்தா, ப்ராசஸர் பக்கம்தான் சந்தேகம்.

இங்கேயும் அவசரம் வேண்டாம். ரேமை ஒரு தடவை பாருங்க. ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக்கோட ஓடுற கம்ப்யூட்டர் நம்ம ஊர்ல ஏராளம். இன்னொண்ணு சேர்த்து டூயல் சேனல் ஆக்கினாலே பல கேம்ல திணறல் குறையும். பெட்டியில 3200னு போட்டிருக்கிற ரேம், பயோஸ்ல எக்ஸ்எம்பி ஆன் பண்ணலைன்னா 2133, 2400னு நடந்துக்கிட்டிருக்கும். அதை ஆன் பண்ண காசே வேண்டாம்.

இதுக்கு அப்புறமும் ப்ராசஸர்தான்னா, அடுத்த கேள்வி சாக்கெட். உங்ககிட்ட பி450 போர்டும் ரைசன் 5 2600-ம் இருக்குன்னு வெச்சுக்குவோம். ஏஎம்4 சாக்கெட் என்பதால போர்டு, ரேம் எதையும் மாத்தாம 5000 சீரிஸுக்குப் போயிடலாம். ஆனா எண்ணைப் பார்த்து வாங்காதீங்க. 5500-க்கும் 5600-க்கும் பேர்ல நூறுதான் வித்தியாசம், உள்ளே எல்3 கேஷ் 16 எம்பி, 32 எம்பி. (இந்த கேஷ் பர்ஸ்ல இருக்கிற கேஷ் இல்லை.) 2600-ல மூணு மூணு கோரா பிரிச்சு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் 8 எம்பி. 5600-ல ஆறு கோரும் 32 எம்பியைப் பகிர்ந்துக்குது. தேடுற டேட்டா கேஷ்லயே கிடைச்சா ரேம் வரைக்கும் நடக்க வேண்டாம். கேமுக்கு இதுதான் பெரிய லாபம். 5700எக்ஸ்3டி-ல 96 எம்பி. கிடைச்சா அருமை, ஆனா அதோட பெட்டியில கூலர் வராது, அந்தச் செலவையும் சேர்த்துக்கணும்.

இன்டெல் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. எல்ஜிஏ 1151னு ஒரே பேர்ல இருந்தாலும் 6, 7-ம் தலைமுறை போர்டுல 8, 9-ம் தலைமுறை ப்ராசஸர் ஓடாது. 13, 14-ம் தலைமுறை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா பயோஸை உடனே அப்டேட் பண்ணுங்க. அதிக வோல்டேஜால சில்லு கெடுற பிரச்சனைக்கு இன்டெல் 2024-ல மைக்ரோகோட் திருத்தம் விட்டது அந்த ரெண்டு தலைமுறைக்குத்தான்.

மாத்துற அன்னைக்கு வரிசை முக்கியம். பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே பயோஸை அப்டேட் பண்ணணும். புதுசைப் போட்ட பிறகு பண்ணலாம்னு நினைச்சா திரையே வராது. அப்டேட் நடுவுல கரண்ட் போனா போர்டே போயிடலாம், அதனால யூபிஎஸ் இல்லாம தொடாதீங்க.

அதுக்கும் முன்னாடி ஒரு விஷயம், பலரும் சொல்லாதது. விண்டோஸ் 11-ல உங்களுக்குத் தெரியாமலே பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கலாம். ஏஎம்டி-ல ப்ராசஸர் மாத்தினதும் எஃப்டிபிஎம்-ஐ ரீசெட் பண்ணவான்னு பயோஸ் கேட்கும். ஒய் அழுத்தினா பழைய சாவி அழிஞ்சிடும், அடுத்து நீலத் திரையில 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லைன்னா ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோட சேர்த்து மொத்த டிரைவும் கைவிட்டுப் போச்சு. முன்னாடியே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல கீ இருக்கான்னு பார்த்து எழுதி வெச்சுக்கோங்க, பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணுங்க, முக்கியமான ஃபைலை பென் டிரைவ்லயும் போட்டுடுங்க.

ஏஎம்4-ல கூலரை நேரா மேல இழுக்கக் கூடாது. காய்ஞ்ச தெர்மல் பேஸ்ட் ஒட்டிக்கிட்டு ப்ராசஸரும் சாக்கெட்டோட பிடுங்கிக்கிட்டு வரும், பின் வளைஞ்சிடும். பத்து நிமிஷம் கேம் ஓட்டி சூடாக்கி, ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்கிட்டு, மெதுவா இடமும் வலமும் திருகி எடுங்க.

புதுசு ஆன் ஆனதும் பயோஸுக்குள்ள போங்க. அப்டேட்டோட எக்ஸ்எம்பி பழையபடி ஆஃப் ஆகியிருக்கும். அதை ஆன் பண்ணிட்டு, முன்னாடி எஃப்பிஎஸ் விழுந்த அதே தெருவுல அதே செட்டிங்கோட ஒரு நடை போய்ப் பாருங்க.