ஹாம் ரேடியோவுக்கு ஒரு ‘வாயிற்காவலன்’
வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய வடிகட்டி

ஷார்ட்வேவ் ரேடியோவில் ஹாம் அன்பர்களின் பேச்சைக் கேட்க முயன்றவர்களுக்கு ஒரு தொல்லை நன்றாகத் தெரியும். தூரத்துக் குரல் மெல்லக் கேட்கத் தொடங்கும்போதே, எங்கோ இருக்கும் பெரிய ஒலிபரப்பு நிலையத்தின் பாட்டு குறுக்கே வந்து விழும். பல சமயங்களில் இது ரேடியோவின் பழுதல்ல. ஏரியலுக்கும் ரேடியோவுக்கும் நடுவே வேண்டியதை மட்டும் உள்ளே விடும் காவலன் இல்லாததே காரணம்.

1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊர் கோலார் தங்கவயல். 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும், கம்பி சுற்றவும் ஈயம் பற்றவைக்கவும் தெரிந்தவர்கள் ஆண்டர்சன்பேட்டையில் உண்டு. அவர்களுக்கு இது ஒரு மாலை நேர வேலை.

தொல்லை எப்படி வருகிறது?

சாதாரண ரேடியோவின் இடை அலைவரிசை 455 கிலோஹெர்ட்ஸ். நாம் 7,100 கிலோஹெர்ட்ஸில் கேட்கும்போது உள்ளே இருக்கும் ஆஸிலேட்டர் 7,555-ல் ஓடும். இரண்டின் வித்தியாசம் 455. ஆனால் 8,010-ல் வரும் அலைக்கும் ஆஸிலேட்டருக்கும் வித்தியாசம் அதே 455தான்! ரேடியோவுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆகவே இந்த ‘பிம்ப’ அலையை வாசலிலேயே தடுக்க வேண்டும்.

செய்முறை

25 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டில், 22 கேஜ் எனாமல் கம்பியை 20 மில்லிமீட்டர் நீளத்துக்குள் 16 சுற்று சீராகச் சுற்றவும். இது சுமார் 5 மைக்ரோஹென்றி. பழைய வால்வு ரேடியோவின் 500 பிகோஃபாரட் கேங் கண்டென்சரில் ஒரு பகுதி போதும். காயிலின் ஒரு முனையை அதன் நிலையான தகடுகளுக்கும், மறுமுனையை கேங்கின் சட்டத்துக்கும் பற்றவைக்கவும். சட்டத்துடன் சேரும் முனையின் மேல், உறையிட்ட கம்பியால் தனித்தனியாக இரண்டு சுற்றுகள் கொண்ட இரு சிறு காயில்கள் சுற்றவும். ஒன்று ஏரியலுக்கும் எர்த்துக்கும். மற்றது ரேடியோவின் ஏரியல், எர்த் முனைகளுக்கு.

கேங்கைத் திருப்பினால் ஓரிடத்தில் ஓசை ‘குப்’பென்று எழும். அதுவே சரியான இடம். 80 மீட்டருக்குக் கேங் பெரும்பாலும் மூடியிருக்கும். 40 மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். 20 மீட்டருக்கு ஏறக்குறைய முழுதும் திறந்திருக்கும். காயில் நன்றாக அமைந்தால் மேலே சொன்ன 8,010 அலை நன்கு குறைந்துவிடும்.

பெங்களூருக்கு தினமும் ரயிலேறுகிறவர்கள் எஸ்.பி. ரோட்டில் சாமான்களைத் தேடலாம். விலை உயர்ந்த பொருள்தான் வேண்டும் என்பதில்லை. ஹைதராபாத் ஹாம் அஷர் ஃபர்ஹான் தமது ‘பிட்எக்ஸ்’ கருவியின் காயில்களைத் தண்ணீர்க் குழாய் வாஷரில் சுற்றிக் காட்டியிருக்கிறார்.

எது முடியாது?

இந்தக் காவலன் 7,190-ஐயும் 7,210-ஐயும் பிரித்துக் காட்டமாட்டான். அது ரேடியோவுக்குள் இருக்கும் இடை அலைவரிசை வடிகட்டியின் வேலை. எல்.இ.டி. விளக்கும் செல்போன் சார்ஜரும் அதே அலைவரிசையில் எழுப்பும் இரைச்சலையும் நீக்கமாட்டான். ஹாம் பேச்சு புரிய, ரேடியோவில் பி.எஃப்.ஓ. வசதியும் இருக்க வேண்டும். எச்சரிக்கை ஒன்று: டிரான்ஸ்பார்மர் இல்லாத பழைய ஏசி-டிசி வால்வு ரேடியோக்களின் சட்டத்தில் மின்சாரம் பாயக்கூடும். அவற்றில் இதை இணைக்கவே வேண்டாம். பாட்டரி ரேடியோவே உத்தமம்.

இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானின் தொடர்புகள் அறுந்தபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாதும் அவரது ஹாம் குழுவினரும் வானொலி வழியாகச் செய்தி அனுப்பினார்கள். அப்படிப்பட்ட நாளில் உறவினரின் க்ஷேமம் மெலிந்த குரலில்தான் வரும். அதைக் கேட்கக் காது பழகியிருக்க வேண்டும். கருவியும் தயாராக இருக்க வேண்டும்.

கேட்பதோடு நில்லாமல் பேசவும் விரும்புகிறவர்கள், முதலில் மத்திய அரசின் அமெச்சூர் தேர்வில் தேறி லைசென்ஸ் பெற வேண்டும். காயில் சுற்றக் கற்றவருக்கு அந்தத் தேர்வின் பாதிப் பயம் போய்விடும்.