படுக்கைக்கு அருகில் இருப்பவர் சொல்வதும் ஓர் அறிகுறிதான்

2001 பிப்ரவரி. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தன் ஒன்றரை வயது மகள் ஜோசியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார் சாரெல் கிங். கையில் கிடைத்த ஈரத்துணியை வாயில் திணித்து ஆவேசமாக உறிஞ்சினாள் குழந்தை. யாராவது ஏதாவது குடிப்பதைப் பார்த்தாலே வீறிட்டு அழுதாள். குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது என்று தாயிடம் சொல்லியிருந்தார்கள். பிள்ளை தாகத்தில் தவிக்கிறாள் என்று செவிலியரிடம் முறையிட்டார். குழந்தைகள் இப்படிச் செய்வது வழக்கம்தான் என்று பதில் வந்தது.

வீட்டுக் குளியல் தொட்டியில் கொதிநீர் பட்டு, உடலின் பெரும்பகுதி வெந்த நிலையில் சேர்க்கப்பட்டவள் ஜோசி. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து தேறி வெளியே வந்துவிட்டாள். இன்னும் சில நாட்களில் வீடு திரும்பியிருக்க வேண்டியவள். மறுநாள் அதிகாலை வந்து பார்த்த தாய், குழந்தையின் நிலை சரியில்லை என்று உடனே மருத்துவர்களை அழைக்கச் சொன்னார். ஓபியாய்டு வலிமருந்தை முறிக்கும் நலாக்சோன் ஊசி போட்டார்கள். கண்விழித்தவள் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் ஜூஸைக் குடித்தாள். இனி ஓபியாய்டு மருந்து வேண்டாம் என்று வாய்மொழியாக உத்தரவும் ஆனது. ஆனால், மதியம் மெத்தடோன் என்ற ஓபியாய்டு மருந்தோடு ஒரு செவிலியர் வந்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களே என்று தாய் தடுத்தார். உத்தரவு மாறிவிட்டது என்றார் செவிலியர். மருந்து உள்ளே போனது, குழந்தையின் இதயம் நின்றது. இரண்டு நாளில் ஜோசி இறந்துபோனாள்.

உடலில் நீர் வற்றும்போது ரத்தத்தின் அளவும் குறைகிறது. இதயம் வேகமாகத் துடித்து அதை ஈடுகட்டப் பார்க்கும். அந்த நேரத்தில் உள்ளே போகும் ஓபியாய்டு, மூச்சை மந்தமாக்கும். ரத்த அழுத்தத்தையும் இறக்கிவிடும். இது மருத்துவர்களுக்குத் தெரியாத அறிவியல் அல்ல. உலகின் தலைசிறந்த மருத்துவமனைகளில் ஒன்று அது. அங்கே குறைந்துபோனது பேச்சுதான். ஒருவர் வாயால் சொன்ன உத்தரவு இன்னொருவருக்குப் போய்ச் சேரவில்லை. நாள்தோறும் பக்கத்திலிருந்து பார்த்த தாயின் சொல்லை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சாரெல் கிங் தனக்குக் கிடைத்த இழப்பீட்டின் ஒரு பகுதியை அதே மருத்துவமனையிடம் கொடுத்து, அங்கேயே நோயாளிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று தொடங்க வைத்தார். அந்தப் பெருந்தன்மையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது. அவருடைய கதையைக் கேட்ட பிட்ஸ்பர்க் நகர மருத்துவமனை ஒன்று 2005இல் புது வழி கண்டது. நோயாளியின் நிலை மோசமாகிறது, சொன்னால் யாரும் கேட்கவில்லை என்று தோன்றினால், குடும்பத்தாரே ஓர் எண்ணை அழைத்து அவசர மருத்துவக் குழுவை வரவழைக்கலாம்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2007இல் ரயன் என்ற சிறுவன் கிருமித்தொற்றில் இறந்தான். அதன் விளைவாக 2013இல் அங்கு ‘ரயன் விதி’ வந்தது. இங்கிலாந்தில் 2021இல் 13 வயது மார்த்தா மில்ஸ், தொற்றுக்கு எதிராக உடலே கட்டுமீறிச் செயல்படும் செப்சிஸ் எனும் நிலையால் இறந்தாள். முன்பே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணை அதிகாரி கூறினார். 2024இல் அங்கு ‘மார்த்தா விதி’ நடைமுறைக்கு வரத் தொடங்கியது. மூன்று நாடுகளிலும் விதி பிறப்பதற்கு முன்னால் ஒரு பிள்ளை போக வேண்டியிருந்தது.

அம்மாவின் கவலையை நம்பி அவசரக் குழுவை எழுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு ஆய்வே பதில் சொல்கிறது. மெல்போர்னின் மோனாஷ் குழந்தைகள் மருத்துவமனையில், ‘உங்கள் பிள்ளையின் நிலை மோசமாகிறது என்று கவலைப்படுகிறீர்களா?’ என்று பெற்றோரிடம் வழக்கமாகவே கேட்டுப் பதிவு செய்தார்கள். 2025இல் வெளியான முடிவுகளின்படி, கவலை தெரிவித்த பெற்றோரின் குழந்தைகளுக்குத் தீவிர சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு. நாடித்துடிப்பு, மூச்சு வேகம் போன்ற அளவுகள் பிசகுவதைவிட, பெற்றோரின் கவலைக்கே தீவிர சிகிச்சையோடு நெருங்கிய தொடர்பு இருந்தது. இதில் வியப்பில்லை. கருவி பார்ப்பது இந்த நிமிடத்தை. பிள்ளை நேற்று எப்படிச் சிரித்தது, எவ்வளவு குடித்தது என்பதெல்லாம் தாய்க்குத்தான் தெரியும்.

நம் ஊர் வார்டுகளில் நோயாளியோடு எப்போதும் ஒருவர் இருப்பார். அட்டெண்டர் என்று அவரைச் சொல்கிறோம். ராத்திரியெல்லாம் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பவர் அவர். இவ்வளவு பெரிய காவல் பல நாடுகளில் கிடையாது. ஆனால், ‘கேட்டா டாக்டர் கோவிச்சுப்பாரு’ என்ற பயம் அவர் வாயைக் கட்டிவிடுகிறது. மீறிச் சொன்னாலும், “சிஸ்டர், அம்மா என்னமோ மாதிரி இருக்காங்க” என்பதோடு முடிந்துவிடும். நாற்பது படுக்கைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பவருக்கு அதிலிருந்து எதுவும் பிடிபடாது.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “சிஸ்டர், நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா பேசிக்கிட்டிருந்தாங்க. இப்ப கூப்பிட்டா சரியா பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க. காலையிலேருந்து ஒரு தடவைதான் யூரின் போனாங்க. மூச்சு வேகமா வாங்குது. டாக்டர் வந்து ஒரு தடவை பார்க்கணும்.” முன்பு எப்படி, இப்போது எப்படி, என்ன வேண்டும் என்பது அரை நிமிடத்தில் வந்துவிட்டது. குழப்பமான பேச்சு, வேகமான மூச்சு, குறைந்த சிறுநீர், சில்லிட்ட கை கால் ஆகியவை செப்சிஸின் அறிகுறிகளாக இருக்கலாம். அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இதை மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆட்களைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்களும் கூடிக்கொண்டுதான் இருக்கின்றன. அங்கே இந்த அரை நிமிடப் பேச்சைப் பழக்கலாம். மறுபக்கம், கேட்கிற காதும் வேண்டும். ‘கூட இருப்பவருக்குக் கவலை உண்டா?’ என்ற ஒரு கேள்வியைக் கேஸ் ஷீட்டில் சேர்த்து, ஷிப்டுக்கு ஒரு முறை கேட்டு எழுதச் செய்ய வேண்டும்.

108, 104 என்ற மருத்துவ உதவி எண்கள் நமக்கு மனப்பாடம். அதைப்போல வார்டுக்குள்ளிருந்து குடும்பத்தார் அழைக்க ஓர் எண் வேண்டும். ஒவ்வொரு கட்டிலுக்கு மேலேயும் அது பெரிய எழுத்தில், தமிழில் இருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டுகளிலிருந்து இதைத் தொடங்குமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.